புள்ளியும் புலமையும்

இடைநிலை வகுப்புகளில் வரலாறு கற்பித்தலும் மதிப்பிடுதலும் பற்றி ஒரு நோக்கு

தவணைப் பரீட்சை முடிந்து, தேர்ச்சி அறிக்கையைக் கையிலேந்தி வீடு திரும்பும் மாணவனை எதிர்கொள்ளும் முதல் வினா, "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்பதே. அடுத்த வினா, "எத்தனை புள்ளி?" என்பது. "இத்தவணையில் நீ புதிதாக விளங்கிக்கொண்டது யாது?" எனக் கேட்போர் அரியர். கேட்பினும் அதற்கு அவ்வறிக்கையில் விடையிராது. பாடத்தின் பெயர் ஒருபுறமும் எண் ஒருபுறமும் நிற்க, இரண்டையும் இணைக்கும் பொருள் எழுதப்படாமலே விடப்படுகின்றது.

கணிதத்தில் இக்குறை பெரிதும் தோன்றுவதில்லை. விடை சரியா பிழையா என்பதை மாணவன் தானே கண்டுகொள்வான். வரலாறு, இலக்கியம், குடியியல் முதலிய பாடங்களிலோ நிலைமை வேறு. "பத்துக்கு ஆறு" எனச் சிவப்பு மையில் இட்ட எண்ணைக் கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன், இழந்த நான்கும் எங்கே போயின என்று அறியான். அறியாதவன் ஊகிக்கின்றான். ஆசிரியருக்கு நம்மில் விருப்பமில்லை என்றோ, நமக்கு இப்பாடம் வராது என்றோ அவ்வூகம் முடிகின்றது. இவ்விரண்டுள் எது முடிபாயினும் கல்விக்குக் கேடே. ஆதலின், ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையுள்ள இடைநிலை வகுப்புகளில் ஆசிரியர் எதிர்பார்ப்பது எது, அதனை அளப்பது எவ்வாறு என்பதை வரலாற்றுப் பாடத்தை முன்வைத்து ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

நன்னூல் காட்டும் நிறைகோல்

மதிப்பீடு மேனாட்டார் கொணர்ந்த புதுமை என எண்ணுதல் தவறு. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைத்துள்ளார். அன்னமும் ஆவும் போல்வார் முதன் மாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடை மாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன போல்வார் கடை மாணாக்கர் என்பது அவர் வகுத்த வகுப்பீடு.

இவ்வகுப்பீட்டிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. சொல்லிக் கொடுத்ததை அவ்வாறே திருப்பிச் சொல்லும் கிளிக்குப் பவணந்தியார் முதலிடம் கொடுத்தாரல்லர். பாலையும் நீரையும் வேறாக்கும் அன்னத்துக்கும், வயிறார மேய்ந்து பின்னர் ஓரிடத்திலிருந்து அசைபோடும் ஆவுக்குமே அதனைக் கொடுத்தார். கொள்ளத்தக்கதைத் தெரிதலும் கொண்டதை மீளச் சிந்தித்தலும் புலமை. ஒப்புவித்தல் அதற்கு அடுத்த படி என்பதே அவர் கருத்து. நமது தவணை வினாத்தாள்கள் பலவற்றை இந்நோக்கோடு எடுத்துப் பார்ப்பின், நாம் கிளிக்கு முதற்பரிசும் அன்னத்துக்கு ஆறுதற் பரிசும் வழங்கி வருகின்றோமோ என்னும் ஐயம் எழாமற் போகாது.

அவரே ஆசிரியனுக்கு உவமையாகக் கூறிய நான்கினுள் நிறைகோலும் ஒன்று. நிலம், மலை, மலர் என்பன ஏனையவை. ஐயம் தீர அளவைக் காட்டுதலும் ஒருபாற் கோடாது நடுநிற்றலும் நிறைகோலின் குணங்கள். கடைக்காரன் தராசைத் திரைக்குப் பின்னே வைத்து நிறுத்து, "இவ்வளவுதான்" என்று பொட்டலத்தை நீட்டினால் நாம் ஏற்போமோ? தட்டும் படியும் முள்ளும் நம் கண்முன் இருத்தல் வேண்டும் என்போம். வகுப்பறையிலும் மாணவன் கேட்கவேண்டியது அதுவே.

எண்ணின் ஆட்சி

எண் பள்ளிக்கூடத்தின் தலைவனானது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் 1862-இல், பாடசாலைக்கு அரசு அளிக்கும் பணம் பரீட்சகர் முன்னிலையில் பிள்ளைகள் பெறும் பேற்றைப் பொறுத்தது என்னும் விதி வந்தது. இலங்கையில் 1869-இல் பொதுக் கல்வித் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னர், இங்குள்ள உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் அம்முறை விரிந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் எத்தனை பிள்ளைகள் தேறினர் என்று எண்ணிப் பணம் வழங்கினர். ஆசிரியரின் சோறு பிள்ளையின் ஒப்புவிப்பில் தங்கியிருந்த அக்காலத்தில், எண்ணத்தக்கதே கற்பிக்கத்தக்கது என்னும் வழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை. அவ்விதி பின்னர் நீங்கிற்று, வழக்கம் நீங்கிற்றில்லை.

பாடத்தின் உருவம் மாத்திரம் பலமுறை மாறியது. 1972-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றைச் சமூகக் கல்வி என்னும் ஒரே பாடமாக்கிற்று. 2007 முதல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் வரலாற்றை மீண்டும் தனிப்பாடமாக்கிற்று. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்னும் பெயரில், ஆண்டிறுதிப் பரீட்சையோடன்றி வகுப்பிற் செய்யும் வேலைக்கும் புள்ளியிடும் முறையும் வந்தது. இவை யாவும் நல்ல நோக்கத்தன. ஆயினும் படிவங்கள் பெருகிய அளவுக்கு, "உன்னிடம் எதிர்பார்ப்பது இது" என்று பிள்ளைக்கு அவன் மொழியிற் சொல்லும் வழக்கம் பெருகியதெனக் கூறுதற்கில்லை.

ஒரு விடைத்தாள், பல தீர்ப்பு

எண் ஐயத்துக்கு இடமற்றது எனக் கருதுவோர் ஒரு செய்தியை அறிதல் நன்று. இங்கிலாந்தில் ஹாட்டொக், றோட்ஸ் என்னும் இருவர் பரீட்சைகளைப் பரீட்சித்து 1935-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பாடசாலைத் தராதரப் பத்திரப் பரீட்சையில் ஒரே நடுத்தரமான புள்ளியைப் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை, அனுபவமிக்க பரீட்சகர் 15 பேரிடம் கொடுத்துத் திருத்தச் செய்தனர். நாற்பதுக்கு மேற்பட்ட வெவ்வேறு புள்ளிகள் வந்தன. ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அதே தாள்களை அதே பரீட்சகரிடம் மீண்டும் கொடுத்தனர். ஒருவர் நீங்கப் பதினால்வர் வழங்கிய 210 தீர்ப்புகளுள் 92, முன்னர்த் தாமே கூறிய தீர்ப்புக்கு மாறாயின. பிறரோடு முரண்படுதல் ஒருபுறமிருக்க, ஒருவர் தம்மோடு தாமே முரண்பட்டனர்.

இதனை நமது பாடசாலைகளில் வழங்கும் வகுப்பீட்டோடு ஒப்புநோக்குக. 75-உம் அதற்கு மேலும் 'ஏ'. 65 முதல் 74 வரை 'பி'. 50 முதல் 64 வரை 'சி'. 35 முதல் 49 வரை 'எஸ்'. அதற்குக் கீழ் 'டபிள்யூ'. 74 பெற்றவனுக்கும் 75 பெற்றவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறிவில் உள்ளதோ, திருத்தியவர் களைப்பில் உள்ளதோ எனின், எவரும் உறுதி கூறவியலாது. அதனாற் புள்ளியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நூல் நெகிழ்ந்த தராசையும் செப்பஞ் செய்து நிறுக்கலாம். செப்பஞ் செய்யும் வழி, எதற்கு எத்தனை புள்ளி என்பதைத் திருத்துமுன் வரையறுத்தலும், அவ்வரையறையை எழுதுமுன் மாணவனுக்குக் காட்டுதலுமாம்.

எமது மாவட்டத்தினின்று ஓர் எடுத்துக்காட்டு

பொதுவாகக் கூறுவதிலும் ஒரு பாடத்தை எடுத்துக் காட்டுதல் விளக்கந் தரும். மாத்தளை மாவட்டத்துப் பிள்ளைக்கு 1848-ஆம் ஆண்டு எழுச்சியிலும் அணித்தான பாடம் வேறில்லை. தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் ஆட்சியில் துப்பாக்கி, நாய், கடை, வண்டி முதலியவற்றின் மீது புதிய வரிகள் விதிக்கப்பட்டன. வீதிச் சட்டத்தின்படி வயதுவந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும்; அன்றேல் பணஞ் செலுத்துதல் வேண்டும். அதற்கு முன்னரே 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தாரின் காட்டையும் சேனையையும் கைவிட்டுப் போகச் செய்திருந்தது. 1848 ஜூலை மாதத்தில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார். மக்கள் மாத்தளையை நோக்கித் திரண்டனர். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8-ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்குமுறையின் கொடுமை பிரித்தானியப் பாராளுமன்றம் வரை சென்று விசாரணைக்குள்ளாயிற்று. டொறிங்டன் 1850-இல் பதவி நீங்கிச் சென்றார்.

இப்பாடத்தின் முடிவில், "1848-ஆம் ஆண்டு எழுச்சிக்கான காரணங்களை விளக்குக" என்னும் வினாவுக்குப் பத்துப் புள்ளி எனக் கொள்வோம். முதலாம் மாணவன் வரிகள் அனைத்தையும் வரிசை பிறழாமல் எழுதுகின்றான். ஆண்டும் மாதமும் பெயரும் வழுவின்றி உள்ளன. சொற்கள் பாடநூலின் சொற்களே. இரண்டாம் மாணவன் இரண்டு வரிகளையே குறிப்பிடுகின்றான். மாதத்தைத் தவறாக எழுதிவிட்டான். ஆயினும் அவன், ஆறு நாள் வேலை என்பது செல்வனுக்குச் சில நாணயங்களைச் செலுத்தித் தீர்க்கும் செய்தி, விதைப்புக் காலத்து உழவனுக்கோ ஆண்டு முழுவதற்குமுரிய சோற்றின் செய்தி, ஆதலால் யாவர்க்கும் ஒரேயளவான வரி யாவர்க்கும் ஒரேயளவான சுமையாகாது என்று தன் சொல்லில் எழுதுகின்றான்.

வரையறையின்றித் திருத்துவோமாயின், முதலாமவனுக்கு ஒன்பதும் இரண்டாமவனுக்கு நான்கும் விழுதல் எளிது. ஆனால், வினா "விளக்குக" என்று கேட்டதேயன்றி "பட்டியலிடுக" என்று கேட்டிலது. நிகழ்ச்சிகளைச் சரியாகக் கூறுதலுக்கு மூன்று. காரணத்தையும் விளைவையும் இணைத்தலுக்கு மூன்று. கூற்றுக்குச் சான்று காட்டுதலுக்கு இரண்டு. தானே சீர்தூக்கி ஒரு முடிபு கூறுதலுக்கு இரண்டு எனப் பகுத்தோமாயின், முதலாமவன் முறையே மூன்று, ஒன்று, இரண்டு, பூச்சியம் என ஆறு பெறுவான். இரண்டாமவன் ஒன்று, மூன்று, ஒன்று, இரண்டு என ஏழு பெறுவான். யார் முந்தினார் என்பது இங்கே சிறிய செய்தி. முதலாமவனுக்கு "நீ அறிந்தவற்றை ஒன்றோடொன்று பிணைக்கப் பழகு" என்றும், இரண்டாமவனுக்கு "உன் சிந்தனைக்குத் தகுந்த தரவுகளைச் சரியாகப் படித்துக்கொள்" என்றும் அப்பகுப்பே சொல்லிவிடுகின்றது. அடுத்த தவணையில் இருவரும் எதனைச் செய்யவேண்டும் என்பதை இருவரும் அறிவர். எண் பேசத் தொடங்குவது அப்போதுதான்.

மேற்செல்லும் வகுப்பில் இன்னும் ஆழமான வினாக்களை எழுப்பலாம். அரச ஆவணங்கள் இந்நிகழ்ச்சியைக் கலகம் என்றன. பிற்கால நூல்கள் சுதந்திரப் போராட்டம் என்கின்றன. பெயர் மாறியது எதனால்? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், வறண்ட காட்டினூடே நடந்து தம்புள்ளை, நாலந்த வழியாக மாத்தளையை அடைந்தனர். முடிசூடியவர் படையோடு வந்ததும் அவ்வடபாதையே. ஒருவரின் பெயர் ஏட்டில் ஏறிற்று. வழியில் நோயுற்று வீழ்ந்த எண்ணிறந்தோரின் பெயர் ஏறவில்லை. இவ்வேறுபாடு எதனை உணர்த்துகின்றது? இவ்வினாக்களுக்கு ஒரே விடை இல்லை. எனினும் நல்ல விடைக்கும் வெறும் விடைக்கும் வேறுபாடுண்டு. அவ்வேறுபாட்டை மாணவனுக்கு முன்னரே காட்டவும் இயலும்.

முன்னரே கூறவேண்டியவை

இதுகாறும் கூறியவற்றால் ஆசிரியர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள் சில பெறப்படும்.

முதலாவது, தவணையின் முதற்கிழமையிலேயே எதிர்பார்ப்பைச் சொல்லிவிடுதல். பாடவிதானத்தில் உள்ள "தேர்ச்சி" என்னுஞ் சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதால் மாத்திரம் பிள்ளை ஒன்றும் விளங்கான். "இத்தவணை முடிவில் நீங்கள் ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு காரணம் கூறி, எது வலியது என்று எடுத்துக்காட்டப் பழகியிருப்பீர்கள்" என்றால் விளங்குவான்.

இரண்டாவது, வினாவின் ஏவற்சொற்களைக் கற்பித்தல். பெயரிடுக, விவரிக்க, விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக என்பன ஒருபொருட் சொற்களல்ல. அறிந்த மாணவனும் புள்ளி இழப்பது பெரும்பாலும் இச்சொற்களை வேறறியாமையாலேயே.

மூன்றாவது, நல்ல விடை ஒன்றையும் குறையுள்ள விடை ஒன்றையும் எழுதியவர் பெயரின்றி வகுப்பில் வாசித்து, மாணவரைக் கொண்டே திருத்துவித்தல். ஒருமுறை தான் திருத்தியவன், பின்னர்த் தான் எழுதும்போது அத்தராசைத் தன் மனத்திலே தூக்கிக்கொள்வான்.

நான்காவது, மீள எழுத இடங்கொடுத்தல். நெல்லுக்குப் பதர் நீக்கத் தூற்றுதல் எவ்வாறு இயல்போ, எழுத்துக்குத் திருத்தம் அவ்வாறு இயல்பு. குறை காட்டித் திருப்பித் தந்த விடையை மாணவன் செப்பமாக எழுதிக் கொணர்வானாயின், இரண்டாம் எழுத்துக்கு உரிய புள்ளியை மனமுவந்து வழங்குதல் நீதியே.

ஐந்தாவது, மொழிப்பிழையையும் பொருட்பிழையையும் வேறு வேறாக நிறுத்தல். லகர ளகர மயக்கம் திருத்தப்படவேண்டியதே. ஆயினும், அதன்பொருட்டு நல்ல சிந்தனையின் புள்ளியைக் குறைத்தல் நெல்லை நிறுக்கும்போது சாக்கின் கிழிசலுக்கு விலை குறைத்தல் போலாம்.

பிள்ளையைப் பற்றிய எதிர்பார்ப்பு

எதிர்பார்ப்பு என்பது பாடத்தைப் பற்றியது மாத்திரமன்று, பிள்ளையைப் பற்றியதுமாம். அமெரிக்க அறிஞர் றோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதன்பாற்படும். ஒரு பாடசாலையில் திருவுளச்சீட்டுப் போலத் தெரிந்தெடுத்த சில பிள்ளைகளை, "இவர்கள் இவ்வாண்டில் விரைந்து முன்னேறுவர்" என்று ஆசிரியரிடம் கூறிவைத்தனர். ஆண்டிறுதியில், சிறப்பாகக் கீழ் வகுப்புகளில், அப்பிள்ளைகள் ஏனையோரிலும் முன்னேறியிருந்தனர் என்று அவர்கள் அறிவித்தனர். அவ்விளைவு எத்துணை பெரிது என்பதுபற்றிப் பின்னர்க் கடும் வாதம் எழுந்தது. அளவு சிறிதாயினும், ஆசிரியரின் நம்பிக்கை பிள்ளையைத் தீண்டுகின்றது என்பதை வகுப்பறையில் நின்றோர் மறுக்கார்.

எமது மாவட்டத்தில் இது வெறும் ஆராய்ச்சிச் செய்தியன்று. நகரத்துப் பிள்ளையும் தோட்டத்து லயத்திலிருந்து மலையிறங்கி வரும் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஒருவன் வீட்டில் மேசையும் அகராதியும் வினாவுக்கு விடைகூறும் மூத்தோரும் உண்டு. மற்றவன் வீட்டில் ஓரறையும் அந்தி வரை வேலை செய்து களைத்த பெற்றோரும் உண்டு. "இவனுக்கு இவ்வளவு போதும்" என்று இரங்கி எளிய வினாவைக் கொடுத்தல் அன்பு போலத் தோன்றும். உண்மையில் அஃது, அவனைக் கிளியின் படியிலேயே நிறுத்திவிடும் கொடுமை. படியை எல்லார்க்கும் ஒன்றாக வைத்து, ஏறுதற்குரிய கைத்தாங்கலை வேண்டியார்க்கு வேண்டிய அளவு கொடுப்பதே நடுநிலை. தன் பாட்டன் நடந்து வந்த பாதையைப் பற்றி வீட்டு முதியோரிடம் கேட்டெழுதி வா என்றால், அகராதியற்ற வீட்டுப் பிள்ளை அன்று வகுப்பில் அனைவரினும் செல்வனாவான். அவன் கொணர்ந்த செய்தியும் வரலாற்றுச் சான்றே. அதற்கு இடமும் புள்ளியும் உண்டு என்பதை அவன் அறிதல் வேண்டும்.

இடைநிலை வகுப்புகளிலேதான் பிள்ளை "நான் கெட்டிக்காரன்" என்றோ "எனக்கு ஒன்றும் ஏறாது" என்றோ தன்னைப் பற்றித் தீர்ப்பெழுதிக்கொள்கின்றான். பத்தாந் தரத்திற் பாடந் தெரியும்போது அத்தீர்ப்பே முன்வந்து நிற்கும். விளக்கமற்ற ஓர் எண், பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் வழியை அடைத்துவிடவுங் கூடும் என்பதை நினைந்து திருத்துகோலை எடுப்போமாக.

சில தடைகளும் விடைகளும்

"நாற்பது பிள்ளைகளுக்கு இவ்வாறு திருத்த நேரம் ஏது?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. தவணைக்கு எழுதுவிக்கும் எல்லாவற்றையும் இவ்வாறு திருத்த வேண்டுவதில்லை. இரண்டு விடைகளை ஆழ்ந்து திருத்துதல், இருபதை மேலோட்டமாகத் திருத்துதலினும் பயன் மிக்கது. ஏனையவற்றை மாணவர் தம்முள் மாற்றித் திருத்தலாம். ஆசான் சொல்வதனாற் காற்பங்கும், உடன்பயில்வோரோடு பழகுதலாற் காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் வரும் என்று கல்வியைப் பங்கிட்டவரும் பவணந்தியாரே. வகுப்பிற் பேசவும் விளக்கவும் இடங்கொடுத்து அதற்கும் புள்ளியிடுவோர் புதுமை செய்பவரல்லர், பழநெறியில் நிற்பவரே.

"மனனஞ் செய்யாமல் வரலாறு வருமோ?" என்று வேறு சிலர் கேட்பர். வாராது. நகருக்கு அணித்தேயுள்ள அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது. அதுவரை தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்தது மனிதரின் நினைவாற்றலே. நினைவை இகழ்வோர் அம்மலையடியில் ஒரு கணம் நிற்பாராக. ஆயினும், போரும் பஞ்சமும் சூழ்ந்தபோது நினைவு மாத்திரம் போதாதெனக் கண்டு எழுத முனைந்ததும் அவ்விடத்திலேயே. ஆண்டும் பெயரும் மனத்திலிருத்தல் வீட்டுக்கு அத்திவாரம். அத்திவாரத்திலே குடியிருப்பார் இல்லை; அத்திவாரமின்றிக் குடியிருப்பாரும் இல்லை.

"க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வேறு வகையிற் கேட்கின்றதே" என்பது மூன்றாவது தடை. அப்பரீட்சையிலும் அமைப்பு வினாவும் கட்டுரை வினாவும் உண்டு. நான்கு ஆண்டுகள் காரணங் கூறிப் பழகியவன் அங்கே தடுமாறான். நான்கு ஆண்டுகள் ஒப்புவித்தே பழகியவன், வினா சற்றே முகம் மாறி வந்தால் திகைப்பான்.

பெற்றோர்க்கும் பழைய மாணவர்க்கும்

இவ்விழா மலரை வாசிக்கும் பழைய மாணவர் பலர் இன்று பெற்றோராகவும் பாட்டனாராகவும் இருப்பர். தாம் பெற்ற புள்ளிகளை அவர்களுட் பெரும்பாலோர் மறந்திருப்பர். ஓர் ஆசிரியர் விடைத்தாளின் ஓரத்தில் எழுதிய ஒரு வரியை மறவாதோர் பலராவர். அந்த ஒரு வரியே நாம் இக்கட்டுரையில் வேண்டி நின்றது. கல்லூரிக்குக் கட்டடமும் தளபாடமும் உதவும் அன்பர்கள், மாவட்டத்தின் வரலாறு பற்றிய நூல்களையும் பழைய படங்களையும் வரைபடங்களையும் வாசிகசாலைக்குச் சேர்ப்பாராயின், சான்று தேடும் பிள்ளைக்கு அது பேருதவியாகும். தோட்டத்துப் பழையோர் நினைவிலுள்ளவற்றை மாணவரைக் கொண்டு எழுதுவித்து வைப்பின், நாளைய வரலாற்றாசிரியர்க்கும் அது பயன்படும்.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். புள்ளி குறைந்த விடைத்தாளைப் புத்தகப் பைக்குள் ஒளிக்காது ஆசிரியரிடம் எடுத்துச் சென்று, "ஐயா, இழந்தது எதனால்? பெறுவது எவ்வாறு?" என்று பணிவோடு கேளுங்கள். அது துடுக்கன்று, கற்போனின் உரிமையுமாம், கடமையுமாம். பெற்றோரும் இனித் தேர்ச்சி அறிக்கையைக் கையில் வாங்கும்போது, எத்தனையாம் பிள்ளை என்பதைக் கேட்குமுன், "இத்தவணையில் நீ எதனை விளங்கிக்கொண்டாய்?" என்று கேட்பாராக. அவ்வினாவுக்குப் பிள்ளை தயங்காது விடைகூறுவானாயின், அறிக்கையிலுள்ள எண் எதுவாயினும் ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை என்று துணியலாம்.